மேயரே முதல்வர்: வியன்னா நகரம் ஆளப்படும் விதம்

வியன்னாவின் ராட்ஹவுஸ், அதாவது நகரமன்ற மாளிகையில், நூறு உறுப்பினர்கள் கூடும் ஓர் அவை இருக்கிறது. குப்பை அள்ளுவது, மழலையர் பள்ளி, நகர வரவுசெலவு என்று அவர்கள் பேசும்போது அது நகர்மன்றம். அதே நூறு பேர் கட்டட விதிச் சட்டத்தைத் திருத்த உட்காரும்போது அது மாநிலச் சட்டமன்றம். இரண்டையும் ஒரே கூட்டத்தில் கலக்க முடியாது. நகர்மன்றத்துக்குத் தனி நிகழ்ச்சி நிரல், தனித் தலைவர். சட்டமன்றத்துக்கு வேறு நிரல், வேறு சபாநாயகர்.

ஆஸ்திரியாவில் ஒன்பது மாநிலங்கள் உண்டு. நாட்டின் தலைநகரமான வியன்னாவே அவற்றில் ஒன்று. அரசியல் சட்டத்தின் 108-ஆவது பிரிவு இந்த ஏற்பாட்டைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. நகர்மன்றமே மாநிலச் சட்டமன்றம், நகர ஆட்சிக்குழுவே அமைச்சரவை, மேயரே மாநில முதல்வர், நகர நிர்வாக அலுவலகமே தலைமைச் செயலகம். மேயருக்கு மூன்றாவதாக இன்னொரு பொறுப்பும் உண்டு. மத்திய அரசின் சட்டங்கள் பலவற்றை வியன்னாவில் நடைமுறைப்படுத்துபவரும் அவர்தான். அந்த விஷயங்களில் மத்திய அமைச்சரின் உத்தரவுக்கு அவர் கட்டுப்பட்டாக வேண்டும்.

மக்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நூறு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்களிக்க 16 வயது போதும். அந்த நூறு பேர் மேயரையும் ஆட்சிக்குழுவையும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆட்சிக்குழுவில் கட்சிகளின் பலத்துக்கேற்ப எதிர்க்கட்சிக்காரர்களும் இடம்பெறுவார்கள். அவர்களுக்குக் கூட்டத்தில் வாக்கு உண்டு, சம்பளம் உண்டு, துறை மட்டும் கிடையாது. வேலையில்லாத பதவிக்கு எதற்குச் சம்பளம் என்று வியன்னாவில் அடிக்கடி கேட்கிறார்கள். ஆளுங்கட்சி எடுக்கும் முடிவுகளை உள்ளிருந்தே பார்க்க எதிர்க்கட்சிக்கு ஓர் இருக்கை கிடைப்பதால், அந்தச் செலவு தகும் என்றே நான் நினைக்கிறேன்.

மாளிகை இந்த ஏற்பாட்டைவிட மூத்தது. 1872 முதல் 1883 வரை, பேரரசரின் படைகள் அணிவகுத்த திடலில் ஃப்ரீட்ரிஷ் ஷ்மிட் அதைக் கட்டினார். இடைக்காலத்தில், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் வணிக நகரங்கள் தங்கள் சுயாட்சியைக் காட்ட எழுப்பிய மன்றங்களின் கோதிக் பாணியை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார்கள். கோபுரத்தின் உயரம் சுமார் 98 மீட்டர். பக்கத்தில் இருக்கும் வோட்டிவ் தேவாலயத்தின் 99 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று பேரரசர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, கோபுர உச்சியில் கொடி பிடித்து நிற்கும் உலோகப் போர்வீரனையும் சேர்த்து அளந்தால் ராட்ஹவுஸ்தான் உயரம்.

ஆனால் அன்று அதிகாரம் கோபுர அளவுக்கு உயரவில்லை. நகரம் தேர்ந்தெடுக்கும் மேயரைப் பேரரசர் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1895-இல் கார்ல் லூகர் தேர்வானபோது ஃப்ரான்ஸ் யோசஃப் மறுத்தார். மறுபடி மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தார்கள், 1897-இல்தான் ஒப்புதல் கிடைத்தது. எரிவாயு, மின்சாரம், டிராம் எல்லாவற்றையும் நகரத்தின் உடைமையாக்கியவர் லூகர். யூத வெறுப்பை ஓட்டாக மாற்றியவரும் அவர்தான். முன்னதைச் சொல்லும்போது பின்னதை விட்டுவிடக் கூடாது.

1918-இல் பேரரசு உடைந்தது. அப்போது வியன்னா கீழ் ஆஸ்திரியா மாநிலத்துக்குள் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் ஆகிவிடும், மற்ற மாநிலங்கள் அதற்கு அஞ்சின. கிராமப்புறப் பழமைவாதிகளுக்கோ, சமூக ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்த நகரத்தோடு ஒரே அவையில் இருக்க விருப்பமில்லை. நகரத்துக்கும் பிரிவதில்தான் லாபம். சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சன் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்த 1920-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அதற்கு வழி திறந்தது. 1922 ஜனவரி 1 அன்று பிரிவினை முழுமையானது. கீழ் ஆஸ்திரியாவின் அரசு அப்புறமும் பல பத்தாண்டுகள் வியன்னாவிலேயே இயங்கியது, 1986-இல்தான் அது சாங்க்ட் பெல்ட்டனைத் தன் தலைநகராக்கியது.

மாநிலம் என்றால் சொந்தமாக வரி போடலாம். இதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. நிதிப் பொறுப்பில் இருந்த ஹ்யூகோ பிரைட்னர் ஆடம்பரப் பொருள்களுக்கும், ஒன்றுக்கு மேல் வீட்டு வேலையாள் வைத்திருப்பவர்களுக்கும் வரி விதித்தார். 1923-இல் வீட்டுவசதி வரி வந்தது. வீட்டின் வாடகை மதிப்பு கூடக் கூட விகிதமும் ஏறும். மிக விலையுயர்ந்த அரை சதவீதச் சொத்துகளிலிருந்தே வருமானத்தில் ஏறத்தாழ 45 சதவீதம் கிடைத்தது. அந்தப் பணத்தில் 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றில் புகழ்பெற்ற கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். அந்தக் குடியிருப்புகளின் சுவர்களில், வீட்டுவசதி வரியில் கட்டியது என்ற வாசகமும் ஆண்டும் பெரிய எழுத்தில் இன்றும் இருக்கின்றன. வரி எங்கே போனது என்பதைச் சுவரிலேயே எழுதி வைத்த நிர்வாகம் அது.

1934 பிப்ரவரியில், நாட்டின் பிரதமராக (சான்சலர்) இருந்த டோல்ஃபுஸின் மத்திய அரசு அந்தக் குடியிருப்புகள் மீது பீரங்கியால் சுட்டது. மேயர் கார்ல் சைட்ஸை ராட்ஹவுஸிலேயே கைது செய்தார்கள். வியன்னாவின் மாநில அதிகாரமும் பறிபோனது. அது திரும்பக் கிடைத்தது 1945-இல், நாஜி ஆட்சி வீழ்ந்த பிறகு. இன்று சுமார் 2,20,000 வீடுகள் நகரத்துக்குச் சொந்தம்.

சட்டமியற்றும் அதிகாரத்துக்கு இன்னொரு பயன் தண்ணீர். ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873-இலும் 1910-இலும் அமைத்த இரண்டு குழாய்த்தடங்கள் பம்பு உதவியில்லாமல், சரிவில் ஓடும் வேகத்திலேயே குடிநீரைக் கொண்டுவருகின்றன. இரண்டாவது தடம் 180 கிலோமீட்டர். 2001-இல் இந்தக் குடிநீர் வழங்கலுக்கு மாநில அரசியல் சட்டப் பாதுகாப்பு அளித்தார்கள். சாதாரணப் பெரும்பான்மையை வைத்து அதை இனி யாரும் தனியாருக்கு விற்க முடியாது. நகர்மன்றம் மட்டுமாக இருந்திருந்தால் தீர்மானம்தான் போட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் விலை ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் எந்த உறுப்பு நாட்டில் வசித்தாலும் அங்கே நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆஸ்திரியாவின் மற்ற நகரங்களான லின்ஸிலோ கிராஸிலோ குடியிருக்கும் இத்தாலியர் அந்த நகர்மன்றத்துக்கு வாக்களிக்கிறார். வியன்னாவில் முடியாது. இங்கே நகர்மன்றமே சட்டமன்றம் என்பதால் ஆஸ்திரியக் குடியுரிமை தேவை. இத்தாலியருக்குக் கிடைப்பது நகரின் 23 மாவட்டங்களில் தான் வசிக்கும் மாவட்டத்தின் மன்றத்துக்கான வாக்கு மட்டுமே. துருக்கியிலிருந்தோ செர்பியாவிலிருந்தோ வந்தவருக்கு அதுவும் இல்லை. ஐந்தாண்டு வசித்த எல்லோருக்கும் மாவட்ட வாக்குரிமை தர நகரம் ஒரு சட்டம் இயற்றியது. 2004-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இருபது லட்சம் பேர் வாழும் நகரில், வாக்களிக்கும் வயதுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இன்று நகர்மன்றத் தேர்தலுக்கு வெளியே நிற்கிறார்.

இது சின்னக் குறையல்ல. மாவட்டமன்றம் பூங்காவையும் தெருப் பராமரிப்பையும் பார்த்துக்கொள்ளும். நகர வீடு யாருக்கு, கட்டணம் எவ்வளவு, பள்ளிக்கூடம் எங்கே என்பதையெல்லாம் அந்த நூறு பேர் முடிவு செய்கிறார்கள். நகர்மன்றத்தையும் சட்டமன்றத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் 108-ஆவது பிரிவைத் திருத்த வேண்டும், அதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. இப்போதைக்கு அந்தப் பெரும்பான்மை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.