அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இப்போது சம்பளம் உண்டு: எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் கையெழுத்திடும் முன்

அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க 2025 ஜூலை 1 முதல் வழி திறந்திருக்கிறது. கிராண்ட் ஹவுஸ் என்ற வீரர் பெயரிலான வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் அதற்கு முந்தைய மாதம் ஒப்புதல் தந்ததால் வந்த மாற்றம் இது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி பகிர்ந்தளிக்கக்கூடிய உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். டிக்கெட்டிலும் தொலைக்காட்சி உரிமையிலும் கோடிகள் புரண்ட துறையில், ஆடியவர்கள் தங்கள் பங்கைக் கேட்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. தாமதமானாலும் நியாயம்தான். ஆனால் அதே அணியில் ஆடும் வெளிநாட்டு மாணவருக்கு, இந்தப் பணம் விசா விதி மீறலாகி, படிப்பையே பாதியில் நிறுத்திவிடக்கூடும்.

பங்கின் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. நம் பிள்ளைகள் அதிகம் போவது டென்னிஸ், கோல்ஃப், தடகளத்துக்கு. மதுரைக்காரரான தட்சிணேஸ்வர் சுரேஷ் ஆடிய வேக் ஃபாரஸ்ட் அணி 2025இல், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் டென்னிஸ் பட்டம் வென்றது. இந்த விளையாட்டுகளில் ரொக்கத்தைவிட உதவித்தொகையில்தான் பெரிய மாற்றம். ஆண்கள் டென்னிஸ் அணிக்கு முன்பு மொத்தம் நாலரை உதவித்தொகைதான். அதைப் பிரித்துக் கொடுப்பார்கள். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்குப் பத்துப் பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பத்துப் பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே பயிற்சியாளர் வாயால் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எத்தனை ஆண்டுக்கு, எத்தனை சதவீதம், காயம்பட்டாலும் தொடருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இனி விசா. எஃப்-1 மாணவர் வளாகத்துக்குள், வகுப்பு நடக்கும் காலத்தில், வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றி எதுவும் கூடாது. கடைத் திறப்பு விழா, கையெழுத்து நிகழ்ச்சி, இன்ஸ்டாகிராம் விளம்பரப் பதிவு, காசு வாங்கிக்கொண்டு நடத்தும் பயிற்சி முகாம், எல்லாமே வேலைதான். பணத்துக்குப் பதில் ஷூ வாங்கிக்கொண்டாலும் வேலைதான். ஜெர்சி விற்பனையிலோ வீடியோ கேமிலோ பெயரும் முகமும் மட்டும் பயன்பட்டு, மாணவர் எதையும் செய்யாமல் வரும் உரிமத் தொகையை வேலை இல்லை என்று வாதிட இடமுண்டு. கல்லூரி தரும் வருவாய்ப் பங்கு இந்த இரண்டில் எதில் சேரும்? பங்கீடு தொடங்கியபோது குடியேற்றத் துறை இதற்கென்று தனி விதி தரவில்லை. ஒப்பந்தத்தில் தலைப்பு ‘உரிமம்’ என்றிருக்கும். உள்ளே மூன்றாம் பக்கத்தில் ‘மாதம் இரண்டு நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி போதும், உரிமம் வேலையாகிவிடும்.

வேலை எந்த மண்ணில் நடக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. காங்கோவைச் சேர்ந்த கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ஷீப்வே 2022இல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே விளம்பர வேலைகளை முடித்தார். அமெரிக்காவுக்கு வெளியே செய்த வேலை எஃப்-1 விதியை மீறாது. கோடை விடுமுறையில் கோயம்புத்தூரில் எடுக்கும் விளம்பரப் படத்துக்கும் இதே வழி உண்டு. படப்பிடிப்பு, திருத்தம், பதிவேற்றம் எல்லாம் ஊரில் இருக்கும்போதே முடிய வேண்டும். திரும்பிப் போய் விடுதி அறையிலிருந்து ஒரு பதிவு போட்டால் பாதுகாப்பு போய்விடும். விமானச் சீட்டும் தேதியிட்ட கோப்புகளும் பத்திரமாக இருக்கட்டும்.

வீட்டிலிருந்தே செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கும் இதே கணக்குதான். பயிற்சி, போட்டி என்று கோடையெல்லாம் வளாகத்தில் கட்டுண்டு கிடந்த வீரர்களுக்கு, லேப்டாப்பில் செய்யும் இந்தப் பணி படிப்புக்கேற்ற தொழில் அனுபவத்தைத் தருகிறது. ஆட்டக்காலம் முடிந்தபின் கை கொடுக்கப்போவது அதுதான். ஆனால் அமெரிக்காவில் உட்கார்ந்து செய்தால், படிக்கும்போதே பாடத்தோடு சேர்ந்து வேலை செய்வதற்கான சிபிடி அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும், பணி பாடத்திட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும், நிறுவனத்தின் பெயரும் தேதிகளும் கல்லூரி தரும் ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் ஏறிய பிறகே தொடங்க வேண்டும். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால், அதே படிப்பு நிலைக்கான ஓபிடி, அதாவது பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் பயன்படுத்தும் வேலை அனுமதி, கிடையாது. சென்னை நிறுவனத்துக்காக ஓஹையோ விடுதியிலிருந்து வேலை செய்வதும், சம்பளம் இந்திய வங்கிக் கணக்குக்கே வந்தாலும், ஆபத்தானது. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியிடம் மின்னஞ்சலில் பதில் வாங்காமல் தொடாதீர்கள்.

வரியில் அடிக்கடி நடக்கும் பிழை, சாதாரண மென்பொருளில் உள்நாட்டவர் போல 1040 வருமான வரிப் படிவம் தாக்கல் செய்வது. எஃப்-1 மாணவர் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் வரிக்கணக்கில் வெளிநாட்டவர். வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் தான் சரி. வருமானமே இல்லாவிட்டாலும் 8843 படிவம் உண்டு. இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு, வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான கழிவைத் தருகிறது. 2025ஆம் ஆண்டுக்கு அது 15,750 டாலர், விடவே கூடாது. கல்விக் கட்டணத்துக்கான உதவித்தொகைக்கு வரியில்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்கானதற்கு உண்டு, பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். சம்பளச் சீட்டில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என 7.65 சதவீதம் பிடித்திருந்தால், அந்த ஐந்தாண்டுகளில் அது தவறு. முதலில் சம்பளப் பிரிவிடம் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் 843, 8316 படிவங்களோடு வரித்துறையிடம்.

கோவையில் எடுத்த விளம்பரத்துக்கான உழைப்புக் கூலி அமெரிக்க வருமானம் ஆகாது. வேலை இங்கே நடந்ததால் இந்தியாவில் வரிக்கு வரும். ஆனால் அந்த முகத்தை அமெரிக்காவில் பயன்படுத்தத் தரும் உரிமத் தொகை அமெரிக்க வருமானம். 30 சதவீதம் வரை பிடிப்பு வரலாம். ஒப்பந்தத்தில் இரண்டையும் தனித்தனித் தொகையாக எழுதச் சொல்லுங்கள். ஒரே தொகையாக இருந்தால் முழுவதற்கும் பிடித்துக்கொள்வார்கள்.

கல்லூரி அல்லாத வெளியாருடன் போடும் ஒப்பந்தம் 600 டாலரைத் தொட்டால், ஐந்து வேலை நாட்களுக்குள் இத்தகைய ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் என்ஐஎல் கோ தளத்தில் பதிய வேண்டும். அதாவது எல்லாம் பதிவாகிறது. வரிப் படிவமும் இந்தப் பதிவும் பின்னாளில் ஹெச்-1பி, கிரீன் கார்டு விண்ணப்பத்தின்போது கேள்வியாகத் திரும்பலாம். ஆகவே வரிசை இது: முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம், அடுத்து கல்லூரியைச் சாராத குடியேற்ற வழக்கறிஞர், பிறகு அணியின் விதி அலுவலர், கடைசியில் கையெழுத்து. விதி அலுவலர் சரி என்று சொன்னால் அது என்சிஏஏ விதிக்கு மட்டுமே சரி.