கணினியில் பதினான்கு, ரேக்கில் ஒன்றுமில்லை

பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர் கடை வைத்திருக்கிறார். மளிகைக் கடையாகத் தொடங்கியது, இப்போது கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்து வாங்கும் சூப்பர் மார்க்கெட் ஆகிவிட்டது. அந்தக் கடைக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுத்தவன் நான். ஒரு வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி போன் செய்தார்.

"தம்பி, மல்லிகை ஊதுபத்தி பதினாலு இருக்குன்னு சிஸ்டம் சொல்லுது. ரேக்குல ஒண்ணுகூட இல்ல. காலைலேருந்து மூணு பேரு கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. என்னன்னு வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஒரே கம்பெனி ஊதுபத்தி, ஒரே விலை, மூன்று வாசனை. மல்லிகை கணினியில் 14, ரேக்கில் பூஜ்யம். ரோஜா கணினியில் 12, ரேக்கில் 3. சந்தனம் கணினியில் கழித்தல் 11, ரேக்கில் 12. எந்தக் கடையிலும் எந்தப் பொருளும் கழித்தல் 11 இருக்க முடியாது. ஆனால் திரையில் அப்படித்தான் இருந்தது.

ஒரு தாளில் மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். கணினிக் கணக்கு 15. கையால் எண்ணியதும் 15. தப்பு எங்கே நடந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால், ஒரு கடையின் தகவல் அமைப்பு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். பெரிய தொழிற்சாலையானாலும் வங்கியானாலும் உள்ளே ஓடுவது இதே இயந்திரம்தான், அளவுதான் வேறு.

பில் போடும் இடத்தில் கேட்கிற அந்த 'பீப்' சத்தத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஒன்றை ஸ்கேன் செய்தார்கள். இன்று நாம் பார்க்கும் பார்கோடு கடையில் வேலைக்கு வந்தது அன்றுதான். நம் ஊர்ப் பொருட்களில் கோடுகளுக்குக் கீழே 13 இலக்க எண் இருக்கும். பெரும்பாலும் 890 என்று தொடங்கும். அந்த 890, பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கான முத்திரை என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணை வழங்கியது ஜிஎஸ்1 இந்தியா அமைப்பு என்பதை மட்டுமே அது சொல்கிறது.

கடைசி இலக்கத்தில்தான் அழகு இருக்கிறது. அது முந்தைய 12 இலக்கங்களுக்குக் காவல் நிற்கிறது. 890123456789 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று ஒற்றைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதைப் பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு வேண்டும்? ஒன்றும் வேண்டாம். ஆகவே காவல் இலக்கம் 0. கோட்டில் அழுக்குப் படிந்து எட்டாவது இலக்கமான 5, 6 என்று படிக்கப்பட்டால் மொத்தம் 133 ஆகிவிடும். அதற்குக் காவல் இலக்கம் 7 ஆக இருக்க வேண்டும், இருப்பதோ 0. கருவி பீப் சொல்லாது.

எந்த ஓர் இலக்கம் தவறினாலும் இந்தக் கணக்கு பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். மாறிய இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 5 என்றால் மட்டும் தப்பிவிடும். 1, 6 என்பதை 6, 1 என்று தட்டினால் கூட்டுத்தொகை சரியாகப் பத்து மாறுவதால் காவல் இலக்கத்துக்குத் தெரியாது. காகிதத்தில் போட்டுப் பாருங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

எண் சரியாகப் படிக்கப்பட்டதா என்பதற்கு இத்தனை காவல். ஆனால் கூடைக்குள் கிடப்பது அந்த எண்ணுக்குரிய பொருள்தானா? அதற்கு எந்தக் காவலும் கிடையாது.

சரி, பீப் ஆகிவிட்டது. பில் அச்சாகும் அந்தக் கணத்தில் பல இடங்களில் கணக்கு மாற வேண்டும். கையிருப்பில் ஒன்று குறைய வேண்டும், விற்பனையில் ஏற வேண்டும், அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி கூட வேண்டும், கல்லாவிலோ யுபிஐ வரவிலோ பணம் ஏற வேண்டும். இதில் பாதி நடந்து, பாதி நடப்பதற்குள் கரண்ட் போனால் என்ன ஆகும்? மழைக்காலத்து மாலையில் பெங்களூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை.

நம் பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இதற்கான விடை தெரிந்திருந்தது. நடந்ததை நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் எழுதுவார்கள். அப்புறம் சாவகாசமாகப் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது இடையில் எழுந்து போக வேண்டி வந்தாலும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கணினிக்குள் இந்தக் கணக்குகளையெல்லாம் வைத்திருக்கும் தரவுத்தளம் செய்வதும் அதேதான். "இன்ன மாற்றங்களைச் செய்யப் போகிறேன், முடிந்தது" என்று முதலில் ஒரு பதிவுக் கோப்பில் எழுதி, அது வட்டில் பத்திரமாகச் சேர்ந்த பிறகே பில் முடிந்ததாக ஒப்புக்கொள்ளும். கரண்ட் போய்த் திரும்பியதும் அந்தக் கோப்பைப் படிக்கும். 'முடிந்தது' என்று எழுதப்பட்டவற்றை முழுக்க ஏற்றும். எழுதப்படாதவற்றைத் துடைத்துவிடும். பாதி பில் என்று ஒன்று அதன் உலகத்திலேயே கிடையாது. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜிம் கிரேவுக்கு, கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 1998ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. தினமும் நாம் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும்போதெல்லாம் அவர் வேலைதான் நம்மைக் காக்கிறது என்பதைப் பலமுறை நினைத்து நன்றியோடு இருந்திருக்கிறேன்.

இவ்வளவும் அண்ணாச்சி கடையில் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கல்லாப் பணம் சரி, ஜிஎஸ்டி சரி, ஆடிட்டர் கணக்கும் டேலி. (1986இல் இதே பெங்களூரில் ஒரு தந்தையும் மகனும், ஷியாம் சுந்தர் கோயங்காவும் பரத் கோயங்காவும், தங்கள் வியாபாரக் கணக்குக்காகச் செய்த மென்பொருளிலிருந்து வளர்ந்தது டேலி. அது இன்று நம் வேலை விளம்பரங்களில் ஒரு படிப்பின் பெயரைப் போலவே வருகிறது.) எல்லாக் கணக்கும் டேலி ஆகியும் மல்லிகை மட்டும் எங்கே போனது?

பில் போடும் பெண்ணிடம் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். "சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் வாசல் வரைக்கும் நிக்கும் அண்ணா. மல்லிகை ஒண்ணு, ரோஜா ஒண்ணு, சந்தனம் ஒண்ணுன்னு எடுத்துட்டு வருவாங்க. மூணும் ஒரே ரேட்டுதானே. மேல இருக்கறத ஸ்கேன் பண்ணி மூணுன்னு போட்டுருவேன்."

பெட்டிகளை அடுக்கும்போது மேலே இருந்தது பெரும்பாலும் சந்தனம். ஆகவே விற்றது மூன்று வாசனை, குறைந்தது சந்தனம் மட்டும். மல்லிகையில் 14, ரோஜாவில் 9, ஆக 23 பெட்டி விற்றும் குறையாமல் நின்றுவிட்டது. அதே 23 சந்தனத்தின் தலையில் விழுந்தது. 12 இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் 11. விலை ஒன்று என்பதால் பணம் ஒரு பைசாகூட மாறவில்லை. எண்ணிக்கையின் கூட்டலும் மாறவில்லை. பற்று வரவு எழுதும் முறையால் இப்படி ஒரு தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் அதன் கண்ணில் இது தப்பே கிடையாது.

கழித்தல் எண் வரவிடாமல் மென்பொருள் தடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தடுக்கலாம். ஆனால் கையில் பெட்டியோடு நிற்கும் வாடிக்கையாளரிடம் "இந்தப் பொருள் எங்களிடம் இல்லை" என்று கணினி சொல்லி, பில் நின்றுவிடும். அதனால்தான் பல கடைகளில் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

பதிவில் விழுந்த தப்பு அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. தகவல் அமைப்பின் வேலை பதிவோடு முடிவதில்லை, அந்தப் பதிவை வைத்து அது அடுத்த முடிவை எடுக்கிறது. இந்த யோசனை மிகப் பழையது. லண்டனில் ஜே. லயன்ஸ் என்ற கம்பெனி ஊரெல்லாம் டீக்கடை நடத்தியது. வியாபாரத்துக்கென்று உலகில் முதன்முதலாகக் கணினி செய்தவர்கள் அவர்கள்தான். லியோ என்று பெயர் வைத்து, 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கைப் போட வைத்தார்கள். அப்புறம் டீக்கடைகளின் தினசரி ஆர்டரையும் அதனிடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக வழக்கமான ஆர்டர் ஒன்று கணினியில் இருக்கும். கடையை நடத்தும் பெண்மணி அதில் மாற்றம் இருந்தால் மட்டும் போனில் சொன்னால் போதும். வழக்கத்தைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும், மாறுதலை மனிதர் சொல்லட்டும். இதைவிட நல்ல வேலைப் பங்கீட்டை நான் இதுவரை பார்க்கவில்லை.

இன்றைய கடையில் அந்த வழக்கமான ஆர்டரை ஒரு சின்னக் கணக்கு போடுகிறது. மல்லிகை தினம் 2 பெட்டி விற்கிறது. ஆர்டர் போட்டால் சரக்கு வர 3 நாள். ஆக 6. இரண்டு நாள் தாமதமானாலும் தாங்குவதற்குக் கூடுதலாக 4. மொத்தம் 10. கையிருப்பு 10க்குக் கீழே இறங்கினால் ஆர்டர் பட்டியலில் பெயர் தானாக ஏறும்.

மல்லிகை 14இல் நின்றுவிட்டது. 14 என்பது 10க்கு மேல், ஆகவே ஆர்டர் போகவில்லை. ஆர்டர் போகாததால் சரக்கு வரவில்லை. சரக்கு இல்லாததால் விற்பனை இல்லை. விற்பனை இல்லாததால் 14 குறையவே இல்லை. இது தன்னைத் தானே பூட்டிக்கொண்ட பூட்டு. வெளியிலிருந்து யாராவது வந்து திறக்காவிட்டால் வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும். விற்பனை அறிக்கையைப் பார்த்தேன், 19 நாளாக மல்லிகையில் ஒரு பெட்டிகூட விற்கவில்லை. தினம் 2 என்று வைத்தால் 38 பெட்டி போயிற்று. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. சராசரி விற்பனையை மென்பொருள் வாராவாரம் புதுப்பிக்கிறது. விற்பனை பூஜ்யமானதும் "மல்லிகைக்கு இப்போது மவுசு இல்லை" என்று அது முடிவுகட்டி, அந்தப் 10ஐயே கீழே இறக்க ஆரம்பித்திருந்தது. கேட்டு ஏமாந்து திரும்பிய மூன்று பேரைப் பதிவு செய்ய அதில் இடமே கிடையாது.

மறுபக்கம் சந்தனம். கழித்தல் 11 ஆயிற்றே, அவசரம் என்று நினைத்து ஆர்டர் மேல் ஆர்டர். தேவைக்கு மேல் இந்த வாசனைக்குப் பணம் முடங்கிக் கிடந்தது.

இது அல்சூரில் ஒரு கடைக்கு மட்டும் வந்த வினை என்று நினைக்க வேண்டாம். நிக்கோல் டிஹோரேஷியஸ், ஆனந்த் ராமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரிய சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில், ஏறக்குறைய 3,70,000 கையிருப்புப் பதிவுகளை எண்ணிப் பார்த்த கணக்கோடு ஒப்பிட்டார்கள். 65 சதவீதம் பதிவுகள் சரக்கோடு பொருந்தவில்லை. நல்ல கணினிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் உள்ள கடைகளில் இந்த நிலை.

ஜிஎஸ்டி அமைப்பில் இந்த மாதிரித் தப்பு சுலபமாக ஒளிந்துகொள்ள முடியாது. விற்றவர் தன் இன்வாய்ஸைப் பதிவேற்றினால் அது வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் தானாக வந்து நிற்கும். வாங்கியவர் தன் கொள்முதல் கணக்கை அதோடு ஒப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வந்தால், சரக்கோடு வர வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் வண்டி எண்ணும் ஏறிவிடும். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று சாட்சி, ஒருவரையொருவர் அறியாமல் எழுதியவை. கடை ரேக்குக்கு அப்படி இரண்டாவது சாட்சி யாரும் இல்லை. மனிதக் கண்தான் அந்தச் சாட்சியாக இருக்க வேண்டும்.

அதனால் அன்று மாலையே ஓர் அறிக்கை தயாரித்தேன். முன்பு தினமும் விற்றவை, கையிருப்பு இருப்பதாகக் காட்டுபவை, ஆனால் ஏழு நாளாக ஒன்றுகூட விற்காதவை. கடை முழுக்க எண்ணினால் இரண்டு நாள் பூட்ட வேண்டும். இந்தப் பட்டியலில் வந்தது 31 பொருள்தான். அண்ணாச்சியின் மகனும் நானும் ஒரு மணி நேரத்தில் எண்ணி முடித்தோம். 11 பொருள் மல்லிகை மாதிரியே கணினியில் மட்டும் உயிரோடிருந்தன. 8 பொருள் பரணில் பெட்டி பிரிக்காமல் இருந்தன, யாரும் கீழே இறக்கவில்லை. மீதி 12 நிஜமாகவே விற்காதவை.

அந்தப் பெண்ணைத் திட்ட வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விலை சரி, பணம் சரி, வரிசை வேகமாக நகர்கிறது. அவர் தட்டும் '3' பத்து நாள் கழித்து எந்தப் பட்டியலைக் கெடுக்கும் என்று யாரும் அவருக்குக் காட்டியதில்லை. நானும் காட்டவில்லை. அன்று அவரைத் திரைக்கு முன் உட்கார வைத்து மல்லிகையின் 19 நாளைக் காட்டினேன். "அப்போ நான் போட்டதாலதான் அது வரவே இல்லையா?" என்று கேட்டார். ஒரே விலையில் பல வகை வரும் பொருட்களுக்கு எண்ணிக்கை தட்டும் வசதியை மென்பொருளில் எடுத்துவிட்டேன். இனி ஒவ்வொன்றாகத்தான் ஸ்கேன் செய்ய முடியும். பில்லுக்கு இரண்டு விநாடி கூடும்.

மல்லிகை 0, ரோஜா 3, சந்தனம் 12 என்று திருத்தி, அறிக்கையைச் செவ்வாய் மதியந்தோறும் தானாக அச்சாகும்படி வைத்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலை ஆர்டர் பட்டியலின் படத்தை அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். முதல் வரி: மல்லிகை, 24 பெட்டி.