கார்பன் எப்படிப் பிறக்கிறது? நுண்ணிசைவு வாதத்தின் பலமும் எல்லையும்

நம் உடம்பிலுள்ள கார்பன் முழுவதும் எப்போதோ விண்மீன்களுக்குள் உருவானது. அது உருவாகும் வழி மிகக் குறுகலானது. இயற்கையின் எண்கள் உயிருக்கு ஏற்றபடி அமைந்திருப்பதைக் கடவுளுக்குச் சான்றாகக் காட்டும் நுண்ணிசைவு வாதத்துக்கு இது ஓர் உதாரணம். இரண்டு ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்தால் பெரிலியம்-8 கிடைக்கும். ஆனால் அது ஒரு நொடியின் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் உடைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து சேர்ந்தால்தான் கார்பன் உருவாகும்.

இந்த வேகத்தில் நடந்தால் பிரபஞ்சத்தில் இவ்வளவு கார்பன் இருக்க முடியாது என்று 1953-இல் வானியலாளர் பிரெட் ஹோயில் கணக்கிட்டார். கார்பன் கருவில் சுமார் 7.7 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் அளவில் ஓர் ஆற்றல் நிலை (கரு ஏற்கக்கூடிய குறிப்பிட்ட ஆற்றல் அளவு) இருந்தே ஆக வேண்டும் என்று அவர் சொன்னதைக் கலிபோர்னியாவில் சோதித்துப் பார்த்தார்கள். 7.65-இல் அது இருந்தது. பெரிலியமும் ஹீலியமும் சேரும் ஆற்றல் 7.37; அதற்குச் சற்று மேலே இந்த நிலை இருப்பதால்தான் விண்மீனின் வெப்பத்தில் வினை சூடுபிடிக்கிறது. அடுத்த கட்டம் இன்னும் வியப்பானது. கார்பனோடு இன்னொரு ஹீலியம் சேர்ந்தால் ஆக்சிஜன் ஆகிவிடும்; அவை சேரும் ஆற்றல் 7.16. ஆக்சிஜனில் அதற்குப் பக்கத்திலுள்ள நிலை 7.12, அதாவது மயிரிழையில் கீழே. அது சற்று மேலே இருந்திருந்தால் கார்பனில் பெரும்பகுதி ஆக்சிஜனாக மாறியிருக்கும்.

இப்படிப்பட்ட உதாரணங்கள் வேறும் உண்டு. நியூட்ரான் புரோட்டானைவிட 0.14 சதவீதம்தான் கனமானது. அது புரோட்டானைவிட எடை குறைந்ததாக இருந்திருந்தால் ஹைட்ரஜனே நிலைத்திருக்காது. பிரபஞ்சம் விரிவதை முடுக்கும் பிரபஞ்ச மாறிலி மிகப் பெரிதாக இருந்திருந்தால் விண்மீன் மண்டலங்கள் திரண்டிருக்காது என்று 1987-இல் இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் காட்டினார்.

இந்த எண்களுக்கு அடிப்படையான மாறிலிகள் எந்தக் கோட்பாட்டிலிருந்தும் வரவில்லை, அளந்து தெரிந்துகொண்டவை. உயிர் தோன்றுவதற்கு ஏற்றபடி அவை அமைந்திருப்பதால் அமைத்தவர் ஒருவர் உண்டு என்பதே நுண்ணிசைவு வாதம். 'ஏற்றபடி இல்லாவிட்டால் இதைக் கேட்க நாமே இருந்திருக்க மாட்டோமே' என்ற பதில் எனக்குப் போதவில்லை. துப்பாக்கி ஏந்திய ஐம்பது பேரும் குறி தவறியதால் ஒருவன் பிழைத்தான் என்றால், அத்தனை பேரும் ஏன் தவறினார்கள் என்று அவன் கேட்பது நியாயம்தான். தத்துவவாதி ஜான் லெஸ்லி சொன்ன உதாரணம் இது. வேறு வேறு எண்களோடு எண்ணற்ற பிரபஞ்சங்கள் இருந்தால் ஒன்றில் எல்லாம் பொருந்திவரும் என்பது வலுவான மாற்று விளக்கம். ஆனால் அவற்றை யாரும் பார்த்ததில்லை. இறைநம்பிக்கையாளர் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நமக்குத் தெரிந்தது ஒரே பிரபஞ்சம். அதை வைத்து நிகழ்தகவு எப்படிக் கணக்கிடுவது? ஹோயில் சொன்ன அந்தக் கார்பன் ஆற்றல் நிலையை 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (மேலே சொன்ன அலகில் 0.06) உயர்த்தினாலும் கார்பன் பெரிதாகக் குறையாது என்று 1989-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே 'இம்மி பிசகினாலும் எல்லாம் போச்சு' என்று பிரசங்கத்தில் சொல்வது நல்லதல்ல.

"வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது" என்று பாடிய சங்கீதக்காரனுக்கு இந்த எண்கள் தேவைப்படவில்லை. எண்களை அமைத்த ஒரு பேரறிவு உண்டு என்று நிரூபித்தாலும், சிலுவைவரை வந்து மனிதரை நேசித்த தேவன் அவர்தானா என்பதை அந்த எண்கள் சொல்லாது. கேம்பிரிட்ஜ் இயற்பியல் பேராசிரியர் பதவியை விட்டு, 1982-இல் ஆங்கிலிகன் குருவான ஜான் போல்கிங்ஹார்ன் நுண்ணிசைவை ஆதாரமாக அல்ல, படைப்பைப் புரிந்துகொள்ள உதவும் உள்ளொளியாகவே எடுத்துக்கொண்டார். அவருக்கு முன்பே வேறொரு குருவும் இந்த எச்சரிக்கையைக் கடைப்பிடித்தார். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) பெருவெடிப்பு என்னும் பிரபஞ்சத் தோற்றக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது, அந்தக் கொள்கைக்கு வித்திட்ட கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் லெமெய்த்ருக்கே அது உவப்பாக இல்லை. அறிவியல் கோட்பாடு நாளை மாறலாம், விசுவாசத்தை அதோடு கட்டிவைக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு.