அப்லேஷன்: அகற்றலா, சுட்டடைப்பா?

சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி முன்னால் நின்றே காலம் கழித்தவர் என் பெரியப்பா. முன்பு தொடையிடுக்கில் கீறி ஆபரேஷன் செய்த அதே காலில் மறுபடியும் நரம்பு சுருட்டிக்கொண்டது. டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்களே, அதுதான். இந்த முறை அப்லேஷன், அதாவது சூடு வைப்பது என்றார் டாக்டர். "நரம்பைப் பொசுக்கிட்டா கால் விளங்குமாடா?" என்று பெரியப்பா என்னைக் கேட்டார்.

பயமுறுத்தியது 'நரம்பு' என்ற சொல்தான். பாடநூலில் அது மூளையின் செய்தியைக் கடத்துவது. பேச்சிலோ தோலுக்கடியில் பச்சையாக ஓடும் ரத்தக்குழாயும் நரம்புதான். இதைப் பிழை என்று தள்ள முடியாது. புறநானூறு 278-இல் கிழவியின் தோள் 'நரம்பெழுந்து உலறிய' தோள். எழுந்து தெரிந்தது ரத்தக்குழாய்தானே! ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் இந்தக் குழாயை மருத்துவத் தமிழ் சிரை என்கிறது. வடமொழி வரவுதான், ஆனால் நிலைத்துவிட்டது. வெரிகோஸுக்கு மூலமான லத்தீன் 'வேரிக்ஸ்' புடைத்த சிரையைக் குறிக்கும். நம் 'சுருள்சிரை' அதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற பெயர்.

சரி, அப்லேஷனுக்குத் தமிழில் என்ன சொல்வது? லத்தீனில் 'ஆப்' அப்பால், 'லாட்டுஸ்' கொண்டுபோகப்பட்டது. பனியாறு உருகிக் குறைவதற்கும் இதே சொல்தான். அப்படியே பெயர்த்தால் அகற்றல், நீக்கம். ஆனால் இந்தச் சிகிச்சையில் எதையும் வெளியே எடுப்பதில்லை. ஊசித்துளை வழியே மெல்லிய குழலைச் சிரைக்குள் ஏற்றி, சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த உப்புநீரை நிரப்பி, லேசராலோ ரேடியோ அலையாலோ சுடுகிறார்கள். ரேடியோ அலைக் குழல் ஒன்று 120 டிகிரி செல்சியஸில் 20 வினாடிக்கு 7 செ.மீ. வீதம் சுடும். சிரைச்சுவர் சுருங்கி ஒட்டிக்கொள்ள, ரத்தம் ஆழத்துச் சிரைகள் வழியே போய்விடும். அடைபட்டது உள்ளேயே நாராகிவிடும்.

திரும்ப வந்த சுருள்சிரைக்கு இதில் ஒரு வசதி, பழைய தழும்பை மறுபடி கீற வேண்டியதில்லை. ஆனால் தழும்பருகே புதிதாக முளைத்த சிரைகள் ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் மாதிரி நெளிந்திருந்தால் குழல் நுழையாது. அங்கே சிரையை அடைக்கும் நுரை மருந்து ஊசிதான்.

சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் சூடு வைப்பதற்குச் 'சுட்டிகை' என்று பெயர். அழகான சொல், ஆனால் அடைப்பது அதில் இல்லை. அதனால் என் ஓட்டு 'சுட்டடைப்பு'க்கு.

"பிடுங்க மாட்டாங்க பெரியப்பா, உள்ளேயே சுட்டு அடைச்சிடுவாங்க" என்றேன்.

"அட, கொலுசுப் பட்டறையில பத்தவைப்பாங்களே, அந்த மாதிரியா?" என்றார்.