மான் கறி: சீசன் கிடையாது, லைசன்ஸ் கிடையாது, 48 மணி நேரம் மட்டும் உண்டு

நாய்கள் துரத்தியதில் ஒரு புள்ளிமான் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்தது. ஊர்க்காரர்கள் நாலு பேர் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். மண்ணுக்குப் போகிறது வயிற்றுக்குப் போகட்டும் என்று ஒருவர் சொல்ல, கூறு போட்டார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் வனத்துறை ஜீப் வந்தது. கிணற்றில் இறங்கியவர், கத்தி கொடுத்தவர், ஒரு கூறு வாங்கி வந்து மிளகு போட்டு வறுத்து வைத்திருந்த அம்மா என்று எல்லோர் பெயரும் வழக்கில் ஏறியது. அந்த அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுக்கத்தான் நான் போனேன். "நான் வேட்டைக்கே போகலையே தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் சட்டம் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு இதுபோல இன்னும் சில குடும்பங்களைப் பார்த்துவிட்டேன். யாரும் துப்பாக்கி பிடித்தவர்கள் அல்ல. இந்த விளக்கம் அவர்களைப் போன்றவர்களுக்காக.

பின்னணி கொஞ்சம் போதும். அமெரிக்காவிலும் கனடாவிலும் மான் வேட்டைக்கு சீசன் உண்டு. லைசன்ஸ் வாங்கி, விதிப்படி சுட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து சமைக்கலாம். அந்த வீடியோக்கள் நம் போனுக்கும் வருகின்றன. நம் ஊரிலும் ஒரு காலத்தில் அப்படி இருந்தது. நீலகிரியில் 1879-லேயே வேட்டைக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட சில விலங்குகளுக்கு லைசன்ஸ் முறை இருந்தது. 1991 திருத்தத்தோடு அதுவும் போய்விட்டது. இன்று இந்தியாவில் மான் வேட்டைக்கு எந்த மாதமும் திறந்த மாதம் இல்லை. தாத்தாவின் லைசன்ஸ் பெட்டியில் இருந்தால் நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதற்கும் அது உதவாது.

சரி, சிக்கல் எங்கே தொடங்குகிறது? அந்த 1972 சட்டத்தின் 39-ஆம் பிரிவில். வேட்டையாடப்பட்ட மான் மட்டுமல்ல, செத்துக் கிடந்த மானும், தவறுதலாகக் கொல்லப்பட்ட மானும் அரசுச் சொத்து. அதன் கறியும் அரசுச் சொத்து. உங்கள் பட்டா நிலத்தில் செத்தாலும், உங்கள் கிணற்றில் விழுந்தாலும், உங்கள் வண்டியில் அடிபட்டாலும் இதே விதிதான். "நான் கொல்லவில்லை" என்பது வேட்டைக் குற்றச்சாட்டுக்குப் பதில் ஆகலாம். கறி உங்கள் சட்டியில் இருந்ததற்கு அது பதில் ஆகாது.

அடுத்தது 57-ஆம் பிரிவு. கறி உங்கள் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால், அதைச் சட்டப்படிதான் வைத்திருந்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. மான் கறியைச் சட்டப்படி வைத்திருக்க ஒரு சாமானியனுக்கு என்ன வழி இருக்கிறது? அதனால்தான் ஒரு கூறு வாங்கியவரும் மாட்டுகிறார். ஆட்டுக்கறி என்று சொல்லித் தப்பலாம் என நினைப்பவர்களுக்கும் ஒன்று: சமைத்த கறியில்கூட டி.என்.ஏ. சோதனையில் எந்த விலங்கு என்று கண்டுபிடித்துவிட முடியும். வண்டலூரிலும் ஹைதராபாத்திலும் அதற்கு ஆய்வகங்கள் இருக்கின்றன. கறி ஏற்றி வந்த பைக்கும் பறிமுதலாகும். கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு அந்த பைக் போனால் வருமானமே போகிறது.

இனி அந்த 48 மணி நேரம். அரசுச் சொத்தான விலங்கோ கறியோ எந்த வழியிலாவது உங்கள் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். இது தகவல் சொல்ல மட்டும் கொடுத்த அவகாசம். இரண்டு நாளுக்குள் சமைத்துச் சாப்பிட்டால் தப்பில்லை என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். தயவு செய்து அப்படிப் படிக்காதீர்கள். செத்த மானை அசைப்பதற்குக்கூட சட்டம் உங்களுக்கு உரிமை தரவில்லை. அது கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும்.

தெரிவிக்கப் போகும்போதுதான் அலைச்சல் ஆரம்பம். காவல் நிலையத்துக்குப் போனால், "இது ஃபாரஸ்ட்காரங்க வேலை, அங்க போங்க" என்பார்கள். வனச்சரக அலுவலகத்துக்குப் போனால், அந்த இடம் பக்கத்துச் சரகத்தில் வருகிறது என்பார்கள். பக்கத்துச் சரகத்தில் ரேஞ்சர் முகாம் போயிருப்பார், நாளைக்கு வாருங்கள் என்பார்கள். இதற்குள் ஒரு நாள் போய்விடும், மான் நாற ஆரம்பிக்கும். அப்போது யாராவது ஒருவர், பேசாமல் புதைத்துவிடு என்று வாய்வழியாக யோசனை சொல்வார். புதைத்தீர்களா, தடயத்தை அழித்ததாகக் குற்றச்சாட்டு வரும். யோசனை சொன்னவர் சாட்சிக்கு வர மாட்டார்.

எனவே முதல் போன் 112-க்குப் போகட்டும். நேரில் போவதற்கு முன்பே அழையுங்கள். நீங்கள் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதற்கு அந்த அழைப்பே ஆதாரம். உங்கள் போனில் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மான் கிடக்கும் இடத்தை, சுற்றிலும் தெரியும்படி, நேரமும் இடமும் பதிவாகும் கேமராவில் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வார்டு உறுப்பினருக்கும் அதே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அப்புறம் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கேளுங்கள். எங்கள் வேலை இல்லை என்றால், 39-ஆம் பிரிவில் "அருகிலுள்ள காவல் நிலையம்" என்றே எழுதியிருக்கிறது என்று பணிவாகச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அதே மனுவை மாவட்ட வன அலுவலருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். செத்த மானைப் பற்றிச் சொல்ல ஒரு குடியானவன் இவ்வளவு செய்ய வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் காகிதம் இல்லாமல் போனவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

தகவல் சொல்லப் போனால் நம்மையே பிடிப்பார்கள் என்ற பயம் ஊர்களில் இருக்கிறது. அது பொய்ப் பயம் என்று சொல்ல மாட்டேன். தகவல் சொன்னவரிடமே முதல் விசாரணை நடப்பதுண்டு. அதனால்தான் தொடாதீர்கள் என்கிறேன். காலில் சுருக்குக் கம்பி இருந்தால் அதை அவிழ்க்க வேண்டாம். பக்கத்தில் அவுட்டுக்காய் (விலங்குகளைக் கொல்ல வைக்கும் நாட்டு வெடி) சிதறல் தெரிந்தால் கிட்டேயே போக வேண்டாம், வெடிக்காதது இன்னும் கிடக்கலாம். குட்டி மான் தனியாக நின்றாலும் வீட்டுக்குத் தூக்கி வந்து பாலூட்டாதீர்கள். வளர்த்தவர்மீதும் வழக்கு வரும்.

தண்டனையில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. எந்த விலங்குக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று சொல்லும் அட்டவணைகள் அதில் மாறிவிட்டன. முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்த புள்ளிமான் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வெளிமானும் சருகுமானும் முதல் அட்டவணையில். இரண்டாம் அட்டவணை என்றால் பொதுவாக மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கோ அதன் கறியோ என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு, கூடவே குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ வேட்டையாடினால், அது சாதாரணப் புள்ளிமானாக இருந்தாலும் இந்தக் கடுமையான தண்டனைதான். கோடியக்கரை, வல்லநாடு பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இரண்டு பொறியும் சேர்ந்தே இருக்கிறது: அங்கே திரிவது வெளிமான், இடமோ சரணாலயம். மான் எந்த இடத்தில் செத்தது என்பதற்குப் படம் வேண்டும் என்று சொன்னது இதற்காகவும்தான். எல்லைக்கு வெளியே கிடந்ததை உள்ளே கிடந்ததாக எழுதிவிட்டால் வழக்கின் எடையே மாறிவிடும்.

வயலில் மான் மேய்ந்து பயிர் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் பயிரைக் காப்பாற்றத்தான் கம்பி கட்டினேன் என்பது சட்டத்தில் நிற்காது. சுருக்கு வைப்பது, விஷம் வைப்பது, பிடிக்க முயல்வது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். மெயின் லைனில் இருந்து கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் விட்டால் மின்திருட்டு வழக்கும் சேரும். அதில் மனிதர் செத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பயிரை அழிக்கும் விலங்கைச் சுட அனுமதி கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அது எழுத்தில் வரும் உத்தரவு. காட்டுப்பன்றிக்கு உத்தரவு வந்திருக்கிறதே, மானுக்கும் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உத்தரவின்படி சுட்ட விலங்கும் அரசுச் சொத்துதான், சமையலறைக்கு வராது. பயிர் இழப்பீட்டுக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். சேதத்தைப் படம் எடுத்து, சிட்டா அடங்கலோடு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு அலுவலகக் கணக்கில் வராத மனு.

மலைவாழ் மக்கள் பலர் 2006 வன உரிமைச் சட்டம் வேட்டையையும் அனுமதிக்கிறது என்று நினைக்கிறார்கள். தேன், கடுக்காய் போன்றவற்றுக்கு அதில் உரிமை உண்டு. பாரம்பரிய உரிமைகளைச் சொல்லும் இடத்திலேயே வேட்டையைத் தெளிவாக விலக்கிவிட்டார்கள். கையில் உரிமைப் பட்டா இருப்பதால் மான் வழக்கில் இருந்து தப்ப முடியாது.

சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓடாதீர்கள். சட்டியைக் கிணற்றில் வீசாதீர்கள். எதை எடுத்தார்கள், எத்தனை கிலோ, எந்த அறையில் என்று மகஜரில் எழுதுவார்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். நான் பார்த்த வழக்குகளில் பாதி அந்த ஒரு கையெழுத்தில்தான் தோற்றன. போலீசிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வன வழக்கில் அந்தத் தைரியம் வேண்டாம். உதவி வனப் பாதுகாவலரோ அவருக்கு மேலுள்ள அதிகாரியோ உங்கள் முன்னிலையில் பதிவு செய்யும் வாக்குமூலம் விசாரணையில் சாட்சியமாக ஏற்கப்படும். ஆண்கள் ஓடிவிட்டார்கள் என்று வீட்டுப் பெண்களை ராத்திரியில் ஜீப்பில் ஏற்ற முடியாது. விதிவிலக்கான சூழலில், மாஜிஸ்திரேட் அனுமதியோடுதான் சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யலாம். யாரைப் பிடித்தாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

பணம் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எப்போதும் வரும். சட்டத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறது. உரிய அதிகாரி தொகை நிர்ணயித்து, கட்டியதும் மேல் நடவடிக்கை இல்லை என்று விடலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அதன் உச்சவரம்பு ஐந்து லட்சம் ரூபாய். குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு, அதாவது வெளிமான் போன்றவற்றுக்கும் சரணாலய வேட்டைக்கும், இந்த வழி கிடையாது. அங்கே யாராவது பணம் கேட்டால் அது சட்டப்படி கேட்பது அல்ல. மற்றவற்றில் கட்டுவதாக இருந்தாலும் உத்தரவை எழுத்தில் வாங்கி, ரசீது கைக்கு வந்த பிறகு வெளியே வாருங்கள். நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்துவிட்டு, ரசீது இல்லாததால் அதே வழக்குக்கு இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்று மட்டும் சும்மா இருந்துவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அநேகமாக மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் போதும், கட்டணம் இல்லை. வருமானச் சான்றிதழ் வாங்கி வா என்று இவர்களை யாராவது திருப்பி அனுப்பினால், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைக் காட்டச் சொல்லுங்கள். அந்த அம்மாவை இரண்டு முறை அப்படித் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை அந்தப் பிரிவை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். அன்று சாயங்காலமே வக்கீல் பெயர் வந்தது.