மரியாதை: யாருக்கு, எதற்கு?

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், அணைக்கட்டு ஊர்ப் பக்கக் கிராமங்களில் ‘பிரசிடெண்ட்’ என்றால் யாரும் டெல்லியையோ வாஷிங்டனையோ நினைக்க மாட்டார்கள். அது ஊராட்சி மன்றத் தலைவர். பிரசிடெண்ட் வீடு, பிரசிடெண்ட் தெரு, ‘பிரசிடெண்ட் கிட்ட சொல்லு, பைப்பு ஒடஞ்சு கிடக்குது’. டெல்லியில் இருப்பவர் ‘ஜனாதிபதி’. அந்தப் பதவியில் 1962 முதல் 1967 வரை இருந்த ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அவர் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் இருப்பவரைச் செய்தித்தாள்கள் ‘அதிபர்’ என்கின்றன. பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: நமக்குப் பிடிக்காத ஒருவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் மரியாதை கொடுத்தாக வேண்டுமா? பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற வீடுகளில், தேர்தல் முடிந்ததும் போனில் இந்தச் சண்டை வந்துவிடுகிறது. பதிலைத் தேடும் முன் ‘மரியாதை’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

இது வடசொல். ‘மர்யாதா’ என்றால் எல்லை, வரம்பு, கரை. கடல் தாண்டக்கூடாத கரையும் மர்யாதாதான். அதிலிருந்து ‘வரம்பு மீறாத நடத்தை’ என்ற பொருள் வந்தது. தெலுங்கில் ‘மர்யாத’ என்றால் பண்பான நடத்தை, உபசரிப்பு. தமிழுக்கு வந்தபின் இது பெரும்பாலும் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் செலுத்தும் காணிக்கைபோல ஆகிவிட்டது. கோயில் மரியாதை, பரிவட்டம், சிலைக்கு மாலை, மரியாதை நிமித்தமான சந்திப்பு எல்லாம் அந்தக் கணக்கு.

ஆனால் பழைய பொருள் செத்துவிடவில்லை. ‘மரியாதையா வெளிய போயிடு’ என்று ஒருவர் கத்தும்போது அங்கே வணக்கமா இருக்கிறது? வரம்பு தாண்டுவதற்குள் போய்விடு என்கிறார். மரியாதைராமன் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கும்பிடு போட்டுப் பெயர் வாங்கியவர் இல்லை. வழக்கை முறையாகத் தீர்த்து வைத்தவர். வரம்பு என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொது. குடிமகன் ஜனாதிபதியிடம் காட்ட வேண்டிய மரியாதை ஒன்று உண்டென்றால், ஜனாதிபதி குடிமகனிடம் காட்ட வேண்டியதும் ஒன்று உண்டு. இந்த இரண்டாம் பாதியை மேடைகளில் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

‘பிரசிடெண்ட்’ லத்தீன் வேர் உள்ள சொல். முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்று பொருள். ஆக, அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு நாற்காலி இருக்கிறது. 2020-இல் கடலூர் மாவட்டத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஓர் ஊராட்சித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில். ‘பதவிக்கு மரியாதை’ என்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். அவரைப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். நாற்காலியை எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. அது அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் கொடுத்தது.

அப்புறம், அந்த நாற்காலிக்கு எதிரே நின்று கேள்வி கேட்பது மரியாதைக் குறைவா? கிராம சபைக்குப் போய்ப் பாருங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் அம்மா எழுந்திருப்பார். ‘பிரசிடெண்டு, நீங்க உக்காருங்க. டேங்க் மோட்டாருக்கு எவ்ளோ செலவாச்சு, அந்தக் கணக்க மொதல்ல படிங்க. போன தடவையும் இதேதான் சொன்னீங்க.’ ‘நீங்க’ போகவில்லை, ‘உக்காருங்க’ போகவில்லை, கேள்வியும் போகவில்லை. இன்னொருவர் வாடா போடா என்று இறங்கினால் கூட்டம் கணக்கை விட்டுவிட்டு அந்த ‘டா’வைப் பிடித்துக்கொள்ளும். தலைவருக்கு அதைவிட நிம்மதி வேறு கிடையாது.

மரியாதையைச் சட்டம் போட்டு வாங்கப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜான் ஆடம்ஸ் அதிபராக இருந்தபோது, 1798-இல், அதிபரையும் நாடாளுமன்றத்தையும் அரசையும் பொய்யாக இழிவுபடுத்தி எழுதினால் சிறை என்று சட்டம் வந்தது. துணை அதிபர் ஜெபர்சன் எதிர்க்கட்சிக்காரர். அவரைத் திட்டுவது அந்தச் சட்டத்தில் குற்றமாகவில்லை! மேத்யூ லயன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரை அதன்கீழ் உள்ளே தள்ளினார்கள். அவர் சிறையில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார். 1800 தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார், அடுத்த ஆண்டு சட்டமும் காலாவதியானது.

நம் அரசியலமைப்பில் 1976-இல் சேர்த்த அடிப்படைக் கடமைகளில் முதல் கடமை, அரசியலமைப்பின்படி நடந்து, அதன் இலட்சியங்களையும் நிறுவனங்களையும் தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிக்க வேண்டும் என்கிறது. எந்த ஆளையும் மதிக்கச் சொல்லவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் ‘மதிப்பு’ என்று ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. மதித்தல் என்றால் அளவிடுதல், எடைபோடுதல். மதிப்பெண், மதிப்பீடு, மதிப்புரை எல்லாம் அந்த வேர்தான். புத்தகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினாலும் அதற்குப் பெயர் மதிப்புரை. எடைபோட்ட பிறகு வருவதுதான் மதிப்பு. அதை முன்பணமாகக் கேட்க முடியாது. நாற்காலிக்கு உரியதை ‘முறை’ என்று சொல்லலாம். முறைக்கு ஒழுங்கு என்றும் நீதி என்றும் பொருள் உண்டு, ‘இப்போது யார் முறை’ என்பதும் அதில் இருக்கிறது. ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டோ நான்காண்டோ, இன்று அவர் முறை. ஆகவே பதவிக்கு முறை, ஆளுக்கு மதிப்பு. முன்னதைக் குடிமக்கள் தவறக்கூடாது. பின்னதை அந்த ஆள்தான் சம்பாதிக்க வேண்டும்.

அடைமொழிகளில் ‘மாண்புமிகு’ போதும். 2012-இல் பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராக இருந்தபோது, ‘மேதகு’ வகைப் பட்டங்களை உள்நாட்டு நிகழ்ச்சிகளில் தவிர்க்கலாம் என்று குடியரசுத் தலைவர் மாளிகையே சொல்லிவிட்டது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் மனுக்களில் ‘ஐயா’ என்று தொடங்கி, ‘பலமுறை மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை’ என்று நடுவில் போட்டு, கடைசியில் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிப்பார்கள். அந்த ‘ஐயா’ இருக்கட்டும். ‘தாழ்மையுடன்’ மட்டும் வேண்டாம்; ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்றே எழுதலாம்.