கிலோமீட்டரைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள்

மதுரையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். வருகிறவர்கள் போனில் தூரத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கிலோமீட்டர்தானே, ஏன் இத்தனை மணி நேரம்?" என்று கேட்கிறார்கள். போன் காட்டுவது இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள மிகக் குறுகிய வழியின் தூரம். விமானம் காற்றையும், எந்த நாட்டின் வான்வெளி திறந்திருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் போகும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

காற்றின் வேலை இன்னும் பெரிது. 2016-ல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டு பசிபிக் மேல் அனுப்பியது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியது, ஆனால் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளியதால் நேரம் குறைந்துவிட்டது.

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். மதுரையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், இரண்டுமே சுமார் 3,000 கிலோமீட்டர், பறக்கும் நேரமும் நான்கு மணியை ஒட்டியே வரும். டிக்கெட்டில் பார்த்தால் துபாய்க்கு இரண்டரை மணி நேரம் போலவும் சிங்கப்பூருக்கு ஆறரை மணி நேரம் போலவும் தெரியும், திரும்பி வரும்போது துபாய்ப் பயணம் நீளமாகவும் சிங்கப்பூர்ப் பயணம் குறைவாகவும் தெரியும். காரணம், கிளம்பும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி போட்டிருப்பது. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். அமெரிக்காவில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் கடிகாரத்தையே ஒரு மணி மாற்றிவைப்பார்கள், அதனால் நியூயார்க் வித்தியாசம் ஒன்பதரையாகவும் இருக்கும், பத்தரையாகவும் இருக்கும்.

இதையெல்லாம்விட எனக்கு மனசு பதறுவது நள்ளிரவு டிக்கெட்டைப் பார்த்தால்தான். மேலூர்ப் பக்கம் ஒரு அம்மா, மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பினார், வேறு இடத்தில் போட்ட டிக்கெட். சென்னையிலிருந்து 15-ம் தேதி 00.40 என்று இருந்தது. பிரசவ லேகியம், சுக்குப் பொடி எல்லாம் கட்டிக்கொண்டு 15-ம் தேதி ராத்திரி போய் நின்றால், விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது. 00.40 என்றால் 14-ம் தேதி ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் டிக்கெட்டில் 00 அல்லது 01 என்று தொடங்கும் நேரம் இருந்தால், காலண்டரில் முந்தின நாளை வட்டம் போட்டு வையுங்கள்.

அப்புறம், மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து வெளிநாடு தனி டிக்கெட் என்று போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது, பணமும் பெரும்பாலும் திரும்பாது. பெட்டியைச் சென்னையில் எடுத்து, மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும். ஒரே டிக்கெட்டாகப் போட முடிந்தால் கொஞ்சம் கூடுதலானாலும் அதையே போடுங்கள், முடியாவிட்டால் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், டிக்கெட்டில் உள்ள நேரத்தை வைத்து அடுத்த வேளையைக் கணக்குப் போட வேண்டாம். மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை மொத்தம் எத்தனை மணி நேரம் என்று எழுதி டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். இன்சுலினும் மருந்துச்சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.